வெளிநாட்டு ரயில் டிக்கெட், வேற்று நாட்டு கார்டு: பணம் கட்டும்போது எங்கே தடுக்கிறது, எப்படித் தாண்டுவது

ரயிலைத் தேர்ந்தெடுத்து, இருக்கையையும் பிடித்து, கார்டு எண்ணைப் போட்டு அழுத்தினால் ‘பரிவர்த்தனை மறுக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி வந்து நிற்கும். ஒரு நாட்டு வங்கி கொடுத்த கிரெடிட் கார்டோடு இன்னொரு நாட்டு ரயில்வேயின் தளத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மறுத்தது யார் என்று அந்த வரி சொல்வதே இல்லை. ரயில்வேயின் தளமாக இருக்கலாம், அதற்காக கார்டுகளைக் கையாளும் பேமென்ட் கேட்வேயாக இருக்கலாம், கார்டு கொடுத்த வங்கியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. யார் மறுத்தது என்று பார்க்காமல் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், நல்ல கார்டும் மோசடித் தடுப்பு வலையில் சிக்கி முடங்கிப்போகும்.

முன்பதிவுக்கு உட்காரும் முன்

முதல் வேலை வங்கியின் செயலியில்தான். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு இரண்டும் பல வங்கிகளில் தனித்தனிச் சுவிட்சுகள். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மூடியே வைத்திருப்பவர்கள் நிறைய. இரண்டையும் திறந்த பிறகு வரம்பைப் பாருங்கள். கார்டின் மொத்தக் கடன் வரம்பு வேறு, வெளிநாட்டு ஆன்லைன் செலவுக்கென்று வைத்திருக்கும் ஒருநாள் வரம்பு வேறு. நான்கு பேருக்குப் போகவர அதிவேக ரயில் டிக்கெட் எடுத்தால் இரண்டாவது வரம்பு எளிதில் தாண்டிவிடும். டிக்கெட் விலையை உங்கள் நாணயத்தில் கணக்கிட்டு, அதற்கு மேல் பத்து சதவீதம் இடம் விட்டு வரம்பை வையுங்கள். மாற்று விகிதமும் வெளிநாட்டுக் கட்டணமும் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

அடுத்தது ஓடிபி. வங்கியில் பதிவான எண்ணுக்குத்தான் அது வரும். பயணத்துக்கு நடுவே, வேறு நாட்டு சிம்மைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்க முயலும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். பழைய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், அல்லது எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக வங்கிச் செயலியிலேயே அனுமதி தரும் முறை இருந்தால் புறப்படும் முன்பே அதை இயக்கிவிடுங்கள். புதுப் போனில் வங்கிச் செயலியை நிறுவினால் சில வங்கிகள் முதல் சில மணி நேரத்துக்குப் பெரிய தொகைக்கு அனுமதி தருவதில்லை. விற்பனை திறக்கும் காலையில் போனை மாற்றாதீர்கள்.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ஏறக்குறைய எல்லா ரயில்வேயிலும் செல்லும். அமெக்ஸ், ஜேசிபி, டைனர்ஸ் ஆகியவற்றை எல்லோரும் ஏற்பதில்லை. பணம் கட்டும் பக்கத்தின் அடியில் இருக்கும் சின்னங்களைப் பாருங்கள். உள்நாட்டு வலையமைப்பில் மட்டுமே இயங்கும் கார்டு வெளிநாட்டுத் தளத்தில் செல்லாது. பிரான்சில் ‘சிபி’ என்ற சின்னம் எல்லா இடத்திலும் தெரியும். அது அந்நாட்டு வலையமைப்பு. வேறு நாட்டு கார்டு வைத்திருப்பவர் விசாவையோ மாஸ்டர்கார்டையோதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நெதர்லாந்தின் ஐடீல், போலந்தின் பிளிக், ஜெர்மனியில் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும் முறை ஆகிய மூன்றும் அங்கே வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானவை. பட்டியலில் முதலில் வந்தாலும் அவற்றைத் தொட வேண்டாம்.

இரண்டு கார்டுகள் கைவசம் இருக்கட்டும், முடிந்தால் வேறு வேறு வங்கி, வேறு வேறு வலையமைப்பு. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகள் என்றால் ஒரே மோசடித் தடுப்பு அமைப்பு இரண்டையும் ஒரே காரணத்துக்காக நிறுத்தலாம்.

முதல்முறை அந்த நாட்டுத் தளத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பெரிய டிக்கெட்டின் விற்பனை திறப்பதற்குச் சில நாள் முன்பே, முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் ஒரு மலிவான உள்ளூர் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கார்டு செல்லுமா என்ற கேள்விக்கு நிதானமாக விடை கிடைத்துவிடும். இந்த முன்னெச்சரிக்கை ஜப்பானுக்கு மிகவும் பொருந்தும். அங்கே இருக்கை விற்பனை பொதுவாகப் பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்குத் திறக்கும். விடுமுறைக் காலத்தில் அந்த நேரத்தில் கார்டோடு போராடிக்கொண்டிருந்தால் ஜன்னலோர இருக்கை போய்விடும். அமெரிக்காவின் ஆம்ட்ராக்கில் பதினொரு மாதம் முன்பே எடுக்கலாம் என்பதால் கார்டுச் சிக்கலைத் தீர்க்க அவகாசம் உண்டு. பிரிட்டனில் முன்பதிவுச் சலுகை டிக்கெட்டுகள் ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் முன்பு வரத் தொடங்கும். சீனாவில் 15 நாள்தான்.

எந்தத் தளம், எந்த வாசல்

ஒரே ரயில்வேக்கு உள்நாட்டவருக்கு ஒரு பக்கமும் வெளிநாட்டவருக்கு ஒரு பக்கமும் இருப்பது சாதாரணம். ஜெர்மனியின் டாய்ச்ச பான் பன்னாட்டுப் பதிப்பைத் தனியே நடத்துகிறது. கொரியாவின் கோரெய்லில் வெளிநாட்டவருக்கான பக்கத்தில்தான் வெளிநாட்டு கார்டு செல்லும். கொரிய மொழிச் செயலி உள்ளூர் கார்டை எதிர்பார்க்கும். எனவே தளத்தின் மொழியை மாற்றும் இடத்தில் நாட்டை மாற்றும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மொழிபெயர்ப்பு வேறு, வேறு நாட்டு கார்டை ஏற்கும் பக்கம் வேறு.

பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பு பெரிய தொல்லை. நேர அட்டவணை பார்க்க அது உதவும். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் அது படிவத்தின் உள் பெயர்களையும் மாற்றிவிடலாம். பிறகு பொத்தான் அழுந்தாது, அல்லது ‘நாடு’ என்ற இடத்தில் கேட்வேக்குப் புரியாத சொல் போய்ச் சேரும். கார்டு எண்ணைப் போடும் முன் மொழிபெயர்ப்பை நிறுத்துங்கள். விளம்பரத் தடுப்பியையும் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். வங்கியின் சரிபார்ப்புச் சாளரத்தை அது விளம்பரம் என்று எண்ணி மறைத்துவிடக்கூடும். விபிஎன் வேண்டவே வேண்டாம். கார்டு ஒரு நாடு, இணைய முகவரி இன்னொரு நாடு, வணிகர் மூன்றாவது நாடு என்றால் மோசடித் தடுப்பு அமைப்பின் கணக்கில் ஆபத்து மதிப்பெண் ஏறும்.

தேடலில் முதலில் வரும் இணைப்பு பல நேரம் விளம்பரம்தான். அது முகவர் தளமாக இருக்கலாம், ரயில்வேயின் பெயரைப் போலவே பெயர் வைத்த போலியாகவும் இருக்கலாம். முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை

பயணியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, கார்டு வைத்திருப்பவரின் பெயர் கார்டில் அச்சானபடி. இரண்டும் வேறு வேறு பெட்டிகள். ஒருவர் இன்னொருவருக்கு டிக்கெட் எடுக்கும்போது இவை குழம்பிப்போகும். ஜெர்மனியில் ஆன்லைன் டிக்கெட் பெயருக்கு உரியது, ரயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். சீனாவில் பாஸ்போர்ட் எண்ணோடுதான் டிக்கெட் இணைகிறது. நிலையத்தில் காட்டுவதும் அந்தப் பாஸ்போர்ட்டையே. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, படிவம் குடும்பப் பெயரையும் கட்டாயமாகக் கேட்டால், முதலில் அந்த ரயில்வேயின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே எதுவும் சொல்லியிராவிட்டால் இரண்டு பெட்டியிலும் அதே பெயரைப் போடுவது வழக்கமான தீர்வு. புள்ளி, கோடு போன்ற குறிகளைப் போட வேண்டாம். பல தளங்கள் அவற்றை ஏற்காது, ஏன் ஏற்கவில்லை என்றும் சொல்லாது.

தொலைபேசி எண்ணுக்கு நாட்டுக் குறியீட்டோடு, முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுங்கள். கார்டு காலாவதி மாதம் முதலில், வருடம் பிறகு. பயணத் தேதியோ அமெரிக்காவில் மாதம் முதலில், ஐரோப்பாவில் நாள் முதலில். 4, 5 போன்ற எண்கள் மாறினாலும் தளத்துக்குத் தெரியாது, ரயில் ஏறும் நாளில்தான் தெரியவரும். விலையையும் நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் போடுவார்கள். ‘1.250,00’ என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. ஜப்பான் யென்னுக்குத் தசமமே கிடையாது. பாதுகாப்பு எண் விசா, மாஸ்டர்கார்டில் பின்புறம் மூன்று இலக்கம், அமெக்ஸில் முன்புறம் நான்கு.

முகவரிச் சரிபார்ப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் தளங்களில் அதிகம் குழப்புவது இதுதான். நீங்கள் எழுதும் பில்லிங் முகவரியில் உள்ள எண்களை, அதாவது கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும், கார்டு கொடுத்த வங்கியிடம் உள்ள எண்களோடு ஒப்பிடுவார்கள். தெருவின் பெயரை எப்படி எழுதினீர்கள் என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. இந்த முறையில் சேராத நாட்டு வங்கியின் கார்டு என்றால் ‘பொருந்துகிறது’ என்றும் வராது, ‘பொருந்தவில்லை’ என்றும் வராது, ‘சரிபார்க்க இயலவில்லை’ என்ற பதில்தான் போகும். அந்தப் பதிலை ஏற்பதா வேண்டாமா என்பது வணிகர் வைத்திருக்கும் அமைப்பு. ஏற்காதபடி வைத்திருந்தால், உங்கள் வங்கி பணம் தரத் தயாராக இருந்தும் டிக்கெட் வராது. வங்கியைக் கூப்பிட்டுக் கேட்டால் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது: முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மற்றதை நிரப்புங்கள். பல படிவங்களில் நாட்டை மாற்றியதும் மாநிலப் பட்டியலும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டுக் கட்டாயமும் மறைந்துவிடும். நாட்டைக் கடைசியில் மாற்றினால் நிரப்பியது எல்லாம் அழிந்து, சில பெட்டிகள் பழைய நாட்டின் விதியிலேயே நின்றுவிடும். முகவரியை வங்கிக் கணக்கு அறிக்கையில் உள்ளபடியே எழுதுங்கள், வீடு மாறிய பிறகு வங்கியில் மாற்றாமல் இருந்தால் பழைய முகவரிதான் செல்லும். பயணத்தில் தங்கும் ஓட்டலின் முகவரியை பில்லிங் முகவரியாகப் போடாதீர்கள்.

3-டி செக்யூர்: திரை மாறும் அந்தச் சில நொடிகள்

ஓடிபி கேட்கும் முறைக்குப் பொதுப்பெயர் 3-டி செக்யூர். விசாவில் ‘விசா செக்யூர்’, மாஸ்டர்கார்டில் ‘ஐடென்டிட்டி செக்’, அமெக்ஸில் ‘சேஃப்கீ’ என்று பெயர் மாறும், வேலை ஒன்றே. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் ஆன்லைன் கார்டுப் பணத்துக்கு இரட்டைச் சரிபார்ப்பு சட்டப்படி கட்டாயம். 2019 செப்டம்பர் 14 முதல் அந்த விதி நடப்பில் உள்ளது, ஆன்லைன் வணிகத்துக்குக் கொடுத்த அவகாசம் 2020 இறுதியோடு முடிந்தது. பிரிட்டனில் 2022 மார்ச் 14 முதல் கண்டிப்பாக்கினார்கள். வேறு கண்டத்து வங்கியின் கார்டுக்கு அந்தச் சட்டக் கட்டாயம் அதே அளவு இல்லை. ஆனாலும் ரயில்வேக்கள் இதை வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் உண்டு: இந்தச் சரிபார்ப்பு நடந்துவிட்டால், பிறகு மோசடி என்று தெரிந்தாலும் நஷ்டம் பொதுவாக வணிகரிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். சரிபார்ப்பு இல்லாத வெளிநாட்டு கார்டை ஏற்றால் முழு ஆபத்தும் ரயில்வே தலையில்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது இது. தளம் உங்கள் தொகை, பிரவுசரின் மொழி, நேர மண்டலம், திரை அளவு, இணைய முகவரி போன்றவற்றை வங்கிக்கு அனுப்புகிறது. வங்கிக்குத் திருப்தி என்றால் எதுவும் கேட்காமலே அனுமதிக்கும். ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம். சந்தேகம் என்றால் சிறு சாளரம் திறந்து ஓடிபியோ செயலி அனுமதியோ கேட்கும். போனில் டிக்கெட் எடுப்பவர்கள் வங்கிச் செயலிக்குப் போய் அனுமதி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பிரவுசர் பக்கம் புதிதாக ஏற்றிக்கொண்டு முழுப் பரிவர்த்தனையும் அறுந்துபோவது உண்டு. அனுமதி கொடுக்கும் போன் ஒன்று, டிக்கெட் எடுக்கும் கருவி வேறு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கணினியில் எடுத்து, போனில் அனுமதிப்பதே மிகவும் நம்பகமான வழி.

சாளரம் வெள்ளையாகவே நின்றால் சாளரத் தடுப்பியோ விளம்பரத் தடுப்பியோ காரணமாக இருக்கும். ஓடிபி வராவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்வதற்கு முன் அரை நிமிடமாவது பொறுங்கள். இரண்டாவது எண் புறப்பட்டதும் முதல் எண் செல்லாததாகிவிடும், இரண்டும் வரிசை மாறி வந்தால் எது புதியது என்றே தெரியாது. பின்னுக்குப் போகும் பொத்தானை எந்தக் காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள்.

எந்த நாணயத்தில் கட்டுவது

சில தளங்களும் முகவர்களும் கடைசிக் கட்டத்தில், உங்கள் கார்டின் நாணயத்திலேயே கட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். யூரோ டிக்கெட்டை யூரோவிலும், யென் டிக்கெட்டை யென்னிலும் கட்டுங்கள். உங்கள் நாணயத்தில் கட்ட ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது வணிகர் பக்கம், அதில் அவர்கள் தங்கள் லாபத்தையும் சேர்த்திருப்பார்கள். வணிகரின் நாட்டு நாணயத்தில் கட்டினால் விசா, மாஸ்டர்கார்டின் விகிதம் வரும், அது சந்தை விகிதத்துக்கு நெருக்கமானது. அதன் மேல் உங்கள் வங்கியின் வெளிநாட்டுக் கட்டணம். மூன்று சதவீதம் என்றால் 200 யூரோவுக்கு 6 யூரோ. உங்கள் நாணயத்தில் கட்டிவிட்டால் இந்தக் கட்டணம் தப்பும் என்று எண்ணவும் வேண்டாம். வணிகர் வெளிநாட்டில் இருப்பதாலேயே அதை வசூலிக்கும் வங்கிகள் பல உண்டு, அப்போது இரண்டு பக்கமும் இழப்பு.

கார்டை இணைத்து வைத்துக் கட்டும் பேபால் சேவை வழியாகக் கட்டும்போதும் இதே பொறி உண்டு. இயல்பாக பேபாலே தன் விகிதத்தில் மாற்றிவிடும். தொகைக்குக் கீழே மாற்று விகிதம் பற்றிச் சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, விற்பவரின் நாணயத்திலேயே கார்டில் வசூலிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்.

மறுத்துவிட்டார்கள். யார்?

உடனே மறுபடி முயலாதீர்கள். முதலில் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள்.

அங்கே எந்தத் தடயமும் இல்லை என்றால் கோரிக்கை வங்கியை எட்டவே இல்லை. தளமோ கேட்வேயோ முன்பே நிறுத்திவிட்டது. படிவப் பிழை, ஏற்காத கார்டு வகை, பக்கத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்துபோனது, பிரவுசர் தடை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். வங்கியைக் கூப்பிட்டுப் பயனில்லை. வேறு பிரவுசரில், புதிய சாளரத்தில் தொடங்குங்கள்.

மறுக்கப்பட்டதாக அறிவிப்பு இருந்தால் வங்கிதான் நிறுத்தியது. வங்கியைக் கூப்பிட்டு ‘மறுப்புக் குறியீடு என்ன’ என்று கேளுங்கள். பொதுவாக எங்கே சிக்கல் என்று கேட்டால் பொதுவான பதிலே வரும், குறியீட்டைக் கேட்டால் கணினியைப் பார்த்துச் சொல்வார்கள். 51 என்றால் இருப்போ வரம்போ போதவில்லை. 54 காலாவதி, பல நேரம் தேதியைத் தவறாக அடித்ததால். 57 என்றால் இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை, அதாவது வெளிநாட்டு அல்லது ஆன்லைன் சுவிட்ச் மூடியிருக்கிறது. 61 தொகை வரம்பைத் தாண்டியது. 05 மட்டும் பிடிகொடுக்காதது: ‘ஏற்க வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும், பின்னால் இருப்பது பெரும்பாலும் மோசடிச் சந்தேகம். பயணிகள் ரயிலுக்கான வணிகக் குறியீடு 4112 என்பதையும், நாட்டையும், தொகையையும் சொல்லி, தடையை நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதாகச் சொன்ன பிறகு சில நிமிடம் விட்டு, ஒரே ஒருமுறை முயலுங்கள்.

மூன்றாவது நிலைதான் பதற வைப்பது. வங்கியில் தொகை நிற்கிறது, தளமோ தோல்வி என்கிறது. நிற்பது பெரும்பாலும் முன் அனுமதிதான், அதாவது தொகையை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறார்கள், வசூல் அல்ல. வங்கி சம்மதித்த பிறகு முகவரிச் சரிபார்ப்பிலோ, ரயில்வேயின் சொந்த ஆபத்துக் கணக்கிலோ, தொடர்பு அறுந்தோ டிக்கெட் உருவாகாமல் போயிருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு முன் அனுமதி விழும், நான்கு முறை முயன்றால் நான்கு மடங்கு தொகை வரம்பிலிருந்து குறையும், ஐந்தாவது முயற்சி 51 என்று தோற்கும். டெபிட் கார்டு என்றால் கணக்கில் உள்ள உங்கள் பணமே அத்தனை நாள் முடங்கும். கிரெடிட் கார்டே நல்லது என்பதற்கு இது ஒன்றே போதும். இந்த முன் அனுமதிகள் சில நாளில் தாமாக விழுந்துவிடும், சில வங்கிகளில் வாரக்கணக்கிலும் ஆகும்.

அந்த நிலையில் மறுபடி கட்டும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: மின்னஞ்சல், அதன் ஸ்பாம் பெட்டி, தளத்தில் உங்கள் கணக்கின் முன்பதிவுப் பட்டியல். டிக்கெட் உருவாகி, உறுதிப் பக்கம் மட்டும் வராமல் போயிருக்கலாம். அரை மணி நேரம் காத்திருப்பது நல்லது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தோற்றுப்போன முயற்சியில் நீங்கள் பிடித்த இருக்கையும் மலிவு விலையும் உங்கள் பழைய கூடையிலேயே பூட்டிக் கிடக்கும். உடனே தேடினால் விலை ஏறியதாகத் தெரியும். கூடை காலாவதியானதும் அதே விலை திரும்ப வருவது உண்டு.

எதுவும் ஒத்துவராவிட்டால்

ஆப்பிள் பே, கூகுள் பே ஏற்கும் தளமாக இருந்தால் முதலில் அதை முயலுங்கள். விரல் ரேகையோ முகமோ சரிபார்ப்பாகிவிடுவதால் ஓடிபிச் சாளரம் பெரும்பாலும் வராது. கார்டு நேரடியாகத் தோற்ற இடத்தில் இது பலமுறை வேலை செய்யும். அடுத்து பேபால். டாய்ச்ச பான், ஆஸ்திரியாவின் ஓபிபி, இத்தாலியின் ட்ரெனிதாலியா, ஸ்பெயினின் ரென்ஃபே ஆகியவை அதை ஏற்கின்றன. ரயில்வேக்கு உங்கள் கார்டின் நாடு முக்கியமில்லை, பேபால் பணம் தருகிறதா என்பதே முக்கியம்.

அதுவும் முடியாவிட்டால் முகவர் தளம். ஐரோப்பாவுக்கு டிரெயின்லைன், ரெயில் யூரோப், ஓமியோ, சீனாவுக்கு ட்ரிப்.காம். பல நாட்டு கார்டுகளை வாங்குவதே இவர்கள் தொழில் என்பதால் மறுப்பு குறைவு. பதிலுக்குச் சேவைக் கட்டணம் உண்டு. கட்டணத்தைவிடப் பெரிய விஷயம், ரயில் ரத்தானாலோ தேதி மாற்ற வேண்டுமானாலோ நிலையக் கவுன்ட்டரில் ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’ என்பார்கள். எனவே மாற்றக்கூடிய பயணத்துக்கு ரயில்வேயின் சொந்தத் தளத்துக்காகக் கொஞ்சம் மெனக்கெடுவது தகும். மாற்றமே இல்லாத ஒற்றைப் பயணத்துக்கு முகவர் போதும். சீனாவில் அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் வெளிநாட்டு கார்டை இணைத்தும் கட்டலாம். 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம்.

சில இடங்களில் முன்கூட்டி வாங்கவே வேண்டாம். நெதர்லாந்தில் 2023 முதல் நாடு முழுக்க ரயிலில் தொடுமுறை கார்டைக் காட்டி ஏறி, இறங்கும்போது மறுபடி காட்டினால் போதும். ஏறும்போது பிளாஸ்டிக் கார்டு, இறங்கும்போது போனில் உள்ள அதே கார்டு என்று காட்டினால் மட்டும் கணக்கு ஒத்துவராது. போனில் உள்ளதற்கு உள்ளுக்குள் வேறு எண் என்பதால் இயந்திரத்துக்கு அவை இரண்டு தனி கார்டுகள்.

கையில் டிக்கெட் வரும்வரை

பிடிஎஃப், கியூஆர் டிக்கெட் என்றால் கவலையில்லை. நிலைய இயந்திரத்தில் எடுக்கும் டிக்கெட் என்றால் வாங்கும் முன்பே விதியைப் படியுங்கள். ஜப்பானின் சில முன்பதிவு முறைகளிலும் வேறு சில இடங்களிலும் பணம் கட்டிய அதே பிளாஸ்டிக் கார்டை இயந்திரத்தில் நுழைக்கச் சொல்வார்கள், நான்கு இலக்கப் பின் எண்ணும் கேட்கலாம். ஆன்லைனில் மட்டும் பயன்படுத்தி வந்த கிரெடிட் கார்டுக்குப் பின் எண் வைத்திருக்காதவர்கள் பயணத்துக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் விர்ச்சுவல் கார்டும், இன்னொருவரின் கார்டும், போன் வாலெட்டும் ஆகாது. பிரிட்டனில் முன்பதிவுக் குறியீடு இருந்தால் பல இயந்திரங்கள் எந்த கார்டைக் காட்டினாலும் ஏற்கும், ஆனால் விற்ற நிறுவனத்தைப் பொறுத்து இது மாறும்.

பணம் திரும்ப வரும் பாதை

ரத்து செய்தால் பணம் கட்டிய கார்டுக்கே திரும்பும். திரும்பும் நாளின் மாற்று விகிதம்தான் கணக்கு, வாங்கிய நாளினது அல்ல. 100 யூரோ கட்டி 100 யூரோ திரும்பினாலும் உங்கள் நாணயத்தில் கூடவோ குறையவோ இருக்கும். வங்கி எடுத்த வெளிநாட்டுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. மலிவான டிக்கெட்டுகள் பலவற்றுக்கு ரீஃபண்டே கிடையாது. ஜெர்மனியின் ‘சூப்பர் ஸ்பார்பிரைஸ்’ அப்படிப்பட்டது. தேதி உறுதியாகாதபோது அந்த விலையில் மயங்க வேண்டாம்.

ஒரே பயணத்துக்கு இரண்டு முறை வசூலாகியிருந்தால், இரண்டும் முன் அனுமதி நிலையைத் தாண்டி இறுதிக் கணக்கில் ஏறிவிட்டனவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் முதலில் ரயில்வேக்கு எழுதுங்கள்: முன்பதிவு எண், இரண்டு வசூல்களின் தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம். முழு கார்டு எண்ணை மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆப்பிள் பேயிலோ கூகுள் பேயிலோ கட்டியிருந்தால் ரசீதில் இருக்கும் நான்கு இலக்கம் பிளாஸ்டிக் கார்டில் உள்ளதிலிருந்து மாறுபடலாம். ரசீதில் உள்ளதையே எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர்களால் தேடி எடுக்க முடியாது. இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் வங்கியில் தகராறு மனு கொடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் அதற்கான காலவரம்பு பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள், ஆனால் வங்கிகள் அதைவிடக் குறைந்த நாளுக்குள் கேட்கக்கூடும். மறுப்பு வந்த திரை, உறுதி மின்னஞ்சல், வங்கி அறிவிப்பு ஆகிய மூன்றின் படங்களையும் மனுவோடு இணையுங்கள்.